கத்தும் இஞ்சின், நகராத சில்லு

முல்லைத்தீவுக் கரையில் விடியப்புறம் மீன் எடுத்து, ஐஸ் போட்ட பெட்டியைப் பின்னால் வரிந்து கட்டிக்கொண்டு, தண்ணீரூற்றும் முள்ளியவளையும் தாண்டி ஒட்டுசுட்டானுக்கு வருகிற வியாபாரி ஒருவரை நினைத்துக்கொள்வோம். அவருடைய மோட்டார் சைக்கிள் 100 சிசி. பதினைந்து வருடப் பழசு. கராஜில் வந்து இறங்கியதும் அவர் சொல்வது இதுதான்: "தம்பி, இஞ்சின் கத்துது. சைக்கிள் இழுக்குதில்லை."

கராஜ்காரத் தம்பி ஏறி, சந்தி வரை ஒரு சுற்றுப் போய் வருகிறார். முதலாம் கியரில் குறை ஒன்றும் தெரியவில்லை. இரண்டாம் கியரிலும் இல்லை. "நல்லாத்தானே ஓடுது அண்ணை?" என்கிறார். இருவரும் சொல்வது உண்மைதான்.

வன்னியில் பெரிய மலைகள் கிடையாது. முல்லைத்தீவிலிருந்து மாங்குளம் போகும் ஏ34 வீதி பெரும்பாலும் மட்டமாகவே கிடக்கிறது. ஆனால் வைகாசி தொடக்கம் ஆவணி வரை சோளகம் வீசும். முல்லைத்தீவிலிருந்து ஒட்டுசுட்டானுக்கு வருபவர் தென்மேற்கு நோக்கி வருகிறார். காற்றோ தென்மேற்கிலிருந்து நேரே முகத்தில் அடிக்கிறது. பெட்டி நிறைய மீனோடு, மேல் கியரில், அக்சிலேற்றரை முழுக்க முறுக்கிப் பிடித்திருக்கும்போதுதான் அந்தக் கத்தல் வருகிறது. இஞ்சினின் சத்தம் ஏறுகிறது, வேகமானி ஏறவில்லை.

இங்கே ஒரு புதிர் இருக்கிறது. கிளச் தேய்ந்துவிட்டது என்றால், அது பாரத்தோடு நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போதல்லவா முதலில் காட்டிக்கொடுக்க வேண்டும்? முதலாம் கியரில் நல்லபிள்ளையாக இருந்துவிட்டு, ஓடிக்கொண்டிருக்கும்போது மேல் கியரில் ஏன் கைவிடுகிறது?

இந்தக் கேள்விக்கு விடை தெரிந்தவருக்குக் கிளச்சின் பாதி வைத்தியம் தெரிந்துவிடும். வன்னியில் இந்த அறிவுக்குத் தேவை குறையப்போவதில்லை. 2020 இல் இலங்கைக்கு வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்குக் கதவு திரும்பத் திறந்தது 2025 இல்தான். அந்த இடைக்காலத்தில் பழைய மோட்டார் சைக்கிள்களே ஊரைச் சுமந்தன, இன்னும் சுமக்கின்றன.

எண்ணெய்க்குள் ஓர் உராய்வு

இஞ்சின் நிற்காமல் சுழலவேண்டும்; சில்லோ நிற்கவும் வேண்டும், ஓடவும் வேண்டும். இரண்டையும் வேண்டும்போது சேர்த்து, வேண்டாதபோது பிரித்துவைப்பது கிளச்சின் வேலை. இதற்குப் பற்களோ கொக்கிகளோ கிடையாது. தட்டுகளை ஒன்றோடொன்று நெருக்கி, உராய்வினால் மட்டுமே பிடிக்கிறது.

இஞ்சினின் வலப்பக்க மூடியைக் கழற்றினால் கூடை போன்ற ஒரு உலோகக் கிண்ணம் தெரியும். கராஜில் அதை ஹவுசிங் என்பார்கள். அதற்குள் இரண்டு வகைத் தட்டுகள் மாறி மாறி அடுக்கப்பட்டிருக்கும். ஒருவகை உராய்வுத் தட்டு: கோர்க் போன்ற பொருள் ஒட்டியது, கூடையோடு சேர்ந்து இஞ்சினின் சுழற்சியில் சுற்றுவது. மற்றது வெறும் உருக்குத் தட்டு: உள்ளே இருக்கும் கியர்ப் பெட்டியின் தண்டோடு சுற்றுவது. இவை எல்லாவற்றையும் நாலைந்து ஸ்பிறிங்குகள் ஒரு அழுத்தத் தட்டின் மூலம் எப்போதும் நெருக்கிக்கொண்டிருக்கின்றன. நாம் லீவரைப் பிடிக்கும்போது அந்த நெருக்கத்தைத் தளர்த்துகிறோம். விடும்போது ஸ்பிறிங் தன் வேலையைப் பார்க்கிறது. பிடிக்கும் சக்தி ஸ்பிறிங்கினுடையது, கை செய்வது விடுவிப்பது மட்டும். கடைசிவரை இதை மறக்கக்கூடாது.

இந்த அடுக்கு முழுவதும் இஞ்சின் ஒயிலில் நனைந்தபடி சுற்றுகிறது. ஒயில் உராய்வைக் குறைக்கத்தான் ஊற்றப்படுகிறது. உராய்வினால் இயங்கும் பொறியை அதற்குள் ஏன் வைத்தார்கள்? ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் தட்டுகள் கொஞ்ச நேரம் வழுக்கித்தான் பிடிக்கும். அந்த வெப்பத்தையும் தேய்ந்து உதிரும் துகளையும் ஒயில் அள்ளிக்கொண்டு போகிறது. அதற்கு விலையாக உராய்வு குறைகிறது. அந்தக் குறையை ஈடுசெய்யத்தான் பல தட்டுகள்.

பல தட்டுகள் என்றதும், பரப்புக் கூடினால் உராய்வும் கூடும் என்று நினைக்கத் தோன்றும். பிரான்சின் கியோம் அமொந்தோன் 1699 இலேயே அது பிழை என்று காட்டியிருந்தார். ஒரே அழுத்து விசையில், தொடும் பரப்பு சிறிதோ பெரிதோ, உராய்வு விசை ஏறத்தாழ ஒன்றுதான். அப்படியானால் தட்டுகளைக் கூட்டி என்ன பயன்? ஒட்டுசுட்டான் ஓட்டுத் தொழிற்சாலைக்குப் பெயர்போன ஊர். அங்கிருந்தே உதாரணம் எடுக்கலாம். ஓடுகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, மேலே ஒரு பாரத்தை வையுங்கள். அந்தப் பாரம் மேல் ஓட்டோடு முடிந்துவிடாது. அடியில் உள்ள ஓடுவரை அதே பாரம் இறங்கும். இப்போது ஒன்றுவிட்டு ஒன்றாகப் பல ஓடுகளை ஒரே நேரத்தில் உருவப் பாருங்கள். ஒவ்வொரு ஓட்டின் மேல்முகமும் கீழ்முகமும் தனித்தனியே அந்த முழுப் பாரத்தையும் தாங்கி எதிர்க்கும். கிளச்சிலும் இதுவே நடக்கிறது. நான்கு உராய்வுத் தட்டுகள் என்றால் எட்டு முகங்கள். ஒரே ஸ்பிறிங் விசை எட்டு இடங்களில் எட்டுத் தடவை வேலை செய்கிறது. உள்ளங்கை அளவுப் பொறி ஒன்று மனிதர் இருவரையும் ஒரு மீன்பெட்டியையும் இழுக்கும் விசையைத் தாங்குவது இப்படித்தான். எண்ணெயில் ஓடும் பல்தட்டுக் கிளச்சை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்துப் பொறியியலாளர் ஹீல்-ஷா உருவாக்கினார். இன்றைய மோட்டார் சைக்கிள் கிளச்சுகள் அதன் வழிவந்தவையே.

இரண்டு நோய்கள்

கிளச்சுக்கு வரும் நோய்கள் இரண்டே வகை. ஒன்று வழுக்கல்: லீவரை விட்ட பிறகும் தட்டுகள் முழுக்கப் பிடிக்காமல் ஒன்றின்மேல் ஒன்று நழுவுவது. மற்றது ஒட்டல்: லீவரை முழுக்கப் பிடித்த பிறகும் தட்டுகள் பிரியாமல் உரசிக்கொண்டே இருப்பது. கிளச்சைப் பிடித்துக்கொண்டு முதலாம் கியரில் நிற்கும்போது மோட்டார் சைக்கிள் மெல்ல முன்னே நகரப் பார்த்தால் அது ஒட்டல். கியர் போடும்போது கடகடவென்று கடித்தாலும், நின்ற நிலையில் நியூட்ரல் கிடைக்காமல் அலைக்கழித்தாலும் அதுதான். இவை ஒன்றுக்கொன்று எதிரான நோய்கள். ஒன்றுக்குச் செய்யும் மருந்து மற்றதைக் கூட்டும். எது என்று தெரியாமல் ஸ்பானரை எடுப்பவர் நோயை மாற்றிவிடுகிறாரே தவிரத் தீர்ப்பதில்லை.

வழுக்கலைப் பிடிக்க ஒரு சோதனை உண்டு. ஆளில்லாத நேரான வீதியில் மேல் கியரில் மணிக்கு 40 கிலோமீற்றர் அளவில் போய்க்கொண்டு, அக்சிலேற்றரை ஒரேயடியாக முழுக்க முறுக்குங்கள். சத்தமும் வேகமும் சேர்ந்து ஏறினால் கிளச் நலம். சத்தம் மட்டும் துள்ளி ஏறி, வேகம் பின்தங்கினால் தட்டுகள் நழுவுகின்றன. இதே முறைப்பாடு வேறு காரணத்தாலும் வரலாம்: இஞ்சின் பலமிழந்திருந்தால் வேகமும் ஏறாது, சத்தமும் ஏறாது, இரண்டும் சேர்ந்தே முனகும். காது கொடுத்துக் கேட்டால் வேறுபாடு தெளிவாகத் தெரியும்.

நியூட்ரலில் மட்டும் உதைத்து ஸ்ரார்ட் செய்யக்கூடிய பழைய இஞ்சின்கள் இன்னொரு தடயமும் தரும். அவற்றில் உதையின் விசை கிளச் வழியாகவே இஞ்சினுக்குப் போகிறது. கிக்கர் எதிர்ப்பே இல்லாமல் சறுக்கிக் கீழே போய், இஞ்சின் சுற்றாமல் இருந்தால் கிளச்சைச் சந்தேகிக்கலாம்.

மேல் கியரில் ஏன்?

இப்போது புதிருக்கு வருவோம். கிளச்சைச் சோதிப்பது பாரமல்ல, இஞ்சின் தரும் முறுக்குவிசை. பின்னால் எவ்வளவு பாரம் இருந்தாலும், அக்சிலேற்றரை மெல்லத் திறந்தால் கிளச் வழியாகப் போகும் முறுக்கு குறைவுதான்.

முதலாம் கியரில் யார் அக்சிலேற்றரை முழுக்கத் திறக்கிறார்கள்? கொஞ்சம் முறுக்கியதுமே சைக்கிள் பாய்கிறது, இரண்டு மூன்று செக்கனில் அடுத்த கியர். அதோடு, கிளம்பும்போது நாமே லீவரை மெல்ல விட்டு வேண்டுமென்றே வழுக்க விடுகிறோம். அந்த வழுக்கலுக்குள் நோயின் வழுக்கல் மறைந்துவிடுகிறது.

மேல் கியரில் கதை வேறு. 100 சிசி இஞ்சின் நிமிடத்துக்கு 5000 சுற்று அளவில் தன் உச்ச முறுக்கைத் தருகிறது. அது சுமார் 8 நியூட்டன் மீற்றர். எதிர்க்காற்றில் அக்சிலேற்றரை முழுக்கத் திறந்து வருபவர் அந்த உச்சத்தின் அருகிலேயே நிமிடக்கணக்கில் நிற்கிறார். கிளச் தாங்கவேண்டிய அதிகபட்ச விசை, அதிகபட்ச நேரத்துக்கு, அங்கேதான் வருகிறது. சந்தியைச் சுற்றிவந்த தம்பிக்குக் குறை தெரியாமல் போனதன் காரணம் இதுவே.

வழுக்கத் தொடங்கினால் அது தன்னைத்தானே வளர்த்துக்கொள்ளும். இஞ்சின் 5000 வாற்று வலு தருகிறது என்றும், தட்டுகளின் நழுவல் ஐந்தில் ஒரு பங்கு என்றும் வையுங்கள். அந்த ஐந்தில் ஒரு பங்கு வலு, 1000 வாற்று, சில்லுக்குப் போகாமல் தட்டுகளுக்குள்ளேயே வெப்பமாகிறது. உராய்வுப் பொருள் கருகி வழவழப்பாகிறது, ஸ்பிறிங் சூட்டில் தளர்கிறது, நழுவல் இன்னும் கூடுகிறது. மாதக்கணக்கில் மெல்ல வந்த குறை ஒரே சோளகப் பயணத்தில் முற்றிவிடுவது இதனால்தான். வியாபாரி பெற்றோல் கூடச் செலவாகிறது என்று சொன்னால், அந்த ஐந்தில் ஒரு பங்கை நினைத்துக்கொள்ளுங்கள்.

லீவரின் நுனியில் ஒரு அளவு

இனி வியாபாரியின் மோட்டார் சைக்கிளுக்கு வருவோம். எதையும் கழற்றவேண்டாம். இஞ்சின் ஆறியிருக்கட்டும். ஒரு அடிமட்டமும் ஒரு விரலும் போதும்.

லீவரை நுனியில் ஒரு விரலால் மெல்ல இழுத்தால், முதலில் கொஞ்சத் தூரம் எதிர்ப்பே இல்லாமல் வரும். பிறகு திடீரென்று ஸ்பிறிங்கின் கனம் தெரியும். அந்த எதிர்ப்பில்லாத தூரத்தை வெற்றசைவு என்று அழைக்கலாம். கராஜில் 'பிளே' என்பார்கள். பெரும்பாலான சிறிய மோட்டார் சைக்கிள்களின் கையேடுகள் இதை லீவர் நுனியில் 10 முதல் 20 மில்லிமீற்றர் வரை வைக்கச் சொல்கின்றன. நமது வியாபாரியின் லீவரில் இருப்பது 2 மில்லிமீற்றர்.

முன்பு 15 இருந்தது என்று கொள்வோம். மீதி 13 எங்கே போனது?

லீவரின் நுனி ஐந்தாறு சென்ரிமீற்றர் வந்தால்தான் உள்ளே அழுத்தத் தட்டு ஒன்றரை, இரண்டு மில்லிமீற்றர் விலகும். கையின் சிறிய விசையால் ஸ்பிறிங்கின் பெரிய விசையை வெல்ல இந்த நெம்பு விகிதம் வேண்டும். கணக்குக்காக அதை 25 மடங்கு என்று வைத்துக்கொள்வோம். நுனியில் காணாமல்போன 13 மில்லிமீற்றர், உள்ளே அரை மில்லிமீற்றர் மட்டுமே. அந்த அரை மில்லிமீற்றரை நான்கு உராய்வுத் தட்டுகளுக்குப் பிரித்தால், ஒவ்வொன்றும் தேய்ந்தது ஏறத்தாழ 0.13 மில்லிமீற்றர். ஒரு கொப்பித் தாளின் தடிப்பைவிடச் சற்றே அதிகம்.

இதைக் கொஞ்சம் நின்று யோசிக்கவேண்டும். புதுத் தட்டின் தடிப்பு சுமார் 3 மில்லிமீற்றர். இவை இன்னும் 2.87 இல் இருக்கின்றன. மாற்றவேண்டிய எல்லை பல இஞ்சின்களுக்கு 2.6 அளவில் வருகிறது. தட்டுகளுக்கு இன்னும் நிறைய ஆயுள் இருக்கிறது. ஆனால் வெற்றசைவு முடிந்துவிட்டது.

அது ஏன் முடிகிறது? தட்டுகள் மெலியும்போது ஸ்பிறிங் அழுத்தத் தட்டை அடுக்கை நோக்கி இன்னும் தள்ளுகிறது. அந்தத் தள்ளல், கிளச்சை விடுவிக்கும் தண்டுக்கும் கேபிளுக்கும் நேர் எதிர்த்திசையில். அவற்றுக்கிடையே விடப்பட்டிருந்த இடைவெளி தட்டு தேயத்தேயச் சுருங்குகிறது. இடைவெளி பூச்சியமானதும், கை தொடாமலேயே கேபிள் ஸ்பிறிங்கைப் பிடித்து இழுக்கத் தொடங்குகிறது. எப்போதும் கிளச்சைக் கொஞ்சம் பிடித்துக்கொண்டே ஓட்டுவது போன்ற நிலை. தட்டு வழுக்குகிறது, வழுக்கலால் இன்னும் தேய்கிறது, தேய்வால் கேபிள் இன்னும் இறுகுகிறது. கைபிடியைத் திருப்பும் திசையைப் பொறுத்துக் கேபிள் இன்னும் கொஞ்சம் இழுபடும். லீவரில் இரண்டு விரலைச் சும்மா சாய்த்து வைத்தபடி ஓட்டும் பழக்கம் இருந்தால் கேட்கவே வேண்டாம்.

பிளேட் போய்விட்டது என்று கழற்றி எறியப்படும் தட்டுகளில் பல, வயதால் தேய்ந்தவை அல்ல என்பது என் துணிபு. இந்த இடைவெளி இல்லாமல் போனதால் கருகியவை. ஒரு நட்டைத் தளர்த்தியிருந்தால் இன்னும் சில வருடம் ஓடியிருக்கும்.

சரிசெய்யும் முறை

கேபிளுக்கு இரண்டு முனைகளிலும் திருகிச் சரிசெய்யும் இடங்கள் உண்டு: கைபிடிப் பக்கம் சிறியது, இஞ்சின் பக்கம் பெரியது. முதலில் கைபிடிப் பக்கத்துத் திருகை உள்ளே முழுக்கத் திருகி, ஒரு சுற்று மட்டும் திருப்பி விடுங்கள். பெரிய திருத்தத்தை இஞ்சின் பக்கத்தில் செய்து, லீவரில் 15 மில்லிமீற்றர் அளவு வரச்செய்து, லொக் நட்டை இறுக்குங்கள். நுணுக்கமான திருத்தம் மட்டும் கைபிடிப் பக்கத்தில். இந்த ஒழுங்குக்குக் காரணம் உண்டு: இடைவழியில் ஏதும் தேவைப்பட்டால், கருவி இல்லாமல் விரலால் திருகக்கூடியது கைபிடிப் பக்கம்தான். அதில் இடம் மீதி இருக்கவேண்டும். பிறகு கைபிடியை இடக்கோடிக்கும் வலக்கோடிக்கும் திருப்பி, வெற்றசைவு மாறாமல் இருக்கிறதா என்று பாருங்கள். மாறினால் கேபிள் எங்கோ சிக்கியிருக்கிறது அல்லது பிழையான வழியில் போகிறது.

வெற்றசைவைக் கூட்டினால் வழுக்கல் தீரும் என்பதால் அதை அளவுக்கு மீறிக் கூட்டிவிடுவதும் நடக்கிறது. அப்போது லீவரின் பயணத்தில் பாதி வீணாகி, தட்டுகள் போதியளவு பிரியாமல் ஒட்டல் வந்துவிடும்.

திருகு சொல்லும் வரலாறு

தட்டு தேய்ந்தால் வெற்றசைவு குறைகிறது. கேபிள் நீண்டால், அல்லது அதன் உறை நசிந்தால், வெற்றசைவு கூடுகிறது. இரண்டும் எதிரெதிர்த் திசையில் வேலை செய்வதால் ஒன்றை ஒன்று மறைக்கவும் கூடும். தட்டும் பழசு, கேபிளும் பழசு, ஆனால் லீவரில் சரியாக 15 மில்லிமீற்றர். லீவரை மட்டும் பார்ப்பவர் இதில் ஏமாந்துபோவார்.

ஏமாறாமல் இருக்கத் திருகுகளைப் பார்க்கவேண்டும். இரண்டு திருகும் உள்ளே முழுக்கப் போயும் வெற்றசைவு போதாவிட்டால், தேய்ந்தது தட்டு. இரண்டும் வெளியே முழுக்க வந்தும் லீவர் தொளதொளவென்று இருந்தால், முடிந்தது கேபிள். இழை ஒன்றிரண்டு அறுந்து, லீவர் முனையில் பிசிறாக நிற்கும். அதை இனியும் திருகி இழுத்துக்கொண்டு ஓடுவது ஆபத்து. கேபிள் அறுவது பெரும்பாலும் பாரத்தோடும் சனத்தோடும் நிற்கும்போதுதான், ஏனென்றால் அங்கேதான் அதிகம் பிடிக்கிறோம். புதுக் கேபிளுக்கு ஒயில் விட்டு மாட்டினால் லீவர் இலகுவாகும். முல்லைத்தீவுக் கரைக்குத் தினமும் போகும் சைக்கிள்களில் உப்புக்காற்றால் கேபிள் உள்ளே துருப்பிடித்து, லீவரை விட்ட பிறகும் முழுக்கத் திரும்பாமல் நின்றுவிடுவதுண்டு. அதுவும் வழுக்கலாகத்தான் தெரியும்.

ஒயிலைப் பற்றி

சரிசெய்தும் வழுக்கல் தீரவில்லையென்றால், மூடியைத் திறக்குமுன் கேட்கவேண்டிய கேள்வி: கடைசியாக என்ன ஒயில் விட்டீர்கள்?

கார் இஞ்சினுக்கு எண்ணெய்க்குள் ஓடும் கிளச் இல்லை. அதனால் எரிபொருள் மிச்சம் பிடிக்க, கார் ஒயில் சிலவற்றில் உராய்வைக் குறைக்கும் சேர்மானங்கள் கலக்கப்படுகின்றன. அதே ஒயில் மோட்டார் சைக்கிளில் போனால் அந்தச் சேர்மானம் தட்டுகளின் முகத்தில் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. இதைத் தவிர்க்கவே ஜப்பானில் 1998 இல் மோட்டார் சைக்கிள் ஒயிலுக்கென்று ஜாசோ தரம் கொண்டுவரப்பட்டது. போத்தலில் 'எம்ஏ' என்ற முத்திரை இருந்தால் நனைந்த கிளச்சுக்கு ஏற்றது. 'எம்பி' உராய்வு குறைந்தது, ஸ்கூட்டர்களுக்கானது. கடையில் விலையைப் பார்க்குமுன் இந்த இரண்டு எழுத்தைப் பார்க்கவேண்டும்.

இங்குள்ள மூத்த மெக்கானிக்குகள் ஒயிலை விரலில் தொட்டு மணந்து பார்ப்பதற்கு இன்னொரு வரலாறும் உண்டு. 1990 களின் பொருளாதாரத் தடைக்காலத்தில் பெற்றோல் கிடைக்காமல், வடக்கின் மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோல் விட்டு ஸ்ரார்ட் செய்து, இஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். மண்ணெண்ணெய் முழுக்க எரியாது. எரியாத மிச்சம் பிஸ்டன் வளையங்களைத் தாண்டி ஒயிலுக்குள் இறங்கி அதை நீர்த்துப்போகச் செய்யும். அந்த ஒயில்தான் கிளச்சையும் குளிப்பாட்டுகிறது. அந்தத் தலைமுறை மெக்கானிக்குகள் கற்றுக்கொண்ட பாடம் இன்றும் செல்லும்: ஒயிலின் அளவு குறைவது இயல்பு, கூடினால், எரிபொருள் உள்ளே இறங்குகிறது. காபரேற்றர் பழுதால் பெற்றோல் இறங்கினாலும் அப்படித்தான்.

காலையில் முதன்முதலாக முதலாம் கியர் போடும்போது சைக்கிள் ஒரு துள்ளுத் துள்ளினால் பயப்படவேண்டாம். இரவு முழுக்க நின்றதில் குளிர்ந்த ஒயில் தட்டுகளை ஒட்டவைத்திருக்கிறது. ஸ்ரார்ட் செய்யுமுன் கியரில் போட்டு, கிளச்சைப் பிடித்துக்கொண்டு முன்னும் பின்னும் இரண்டுதரம் உருட்டினால் பிரிந்துவிடும். இஞ்சின் சூடான பிறகும் துள்ளினால்தான் தேடவேண்டும்.

மூடியைத் திறந்தால்

உராய்வுத் தட்டுகளை வேணியர் அளவியால் பல இடங்களில் அளக்கவேண்டும். தடிப்பு எல்லைக்குள் இருந்தாலும் முகம் கறுத்து, கண்ணாடிபோல் மினுங்கி, கருகல் மணம் அடித்தால் அது கருகிய தட்டு. அரத்தாளில் தேய்த்து மாட்டும் வழக்கம் உண்டு. கொஞ்சநாள் ஓடும், அவ்வளவுதான். கருகியது மேற்பரப்பு மட்டுமல்ல.

உருக்குத் தட்டை ஒரு தட்டையான கண்ணாடியில் வைத்து விளிம்பைத் தட்டிப்பாருங்கள். ஆடினால் வளைந்திருக்கிறது. வளைந்த தட்டு முழுக்கப் பிரியாது, ஒட்டல் வரும். நீலம் பாய்ந்திருந்தால் அதிக சூடு கண்டிருக்கிறது.

ஸ்பிறிங்குகளை எல்லாம் ஒரே மட்டத்தில் நிறுத்தி உயரம் பார்க்கவேண்டும். ஒன்று கட்டையாக இருந்தாலும் முழுத் தொகுதியையும் மாற்றுவதே முறை. ஏற்றத்தாழ்வான ஸ்பிறிங்குகள் அழுத்தத் தட்டைச் சரித்துவிடும். தளர்ந்த ஸ்பிறிங்குக்குக் கீழே வாசர் வைத்து இறுக்கும் வேலை பல இடங்களில் நடக்கிறது. அதை நான் ஏற்கமாட்டேன். லீவர் கனத்துப்போகும், கேபிள் சீக்கிரம் அறும், ஸ்பிறிங்கின் சுருள்கள் ஒன்றோடொன்று முட்டி அழுத்தத் தட்டு தூக்கவே முடியாமல் போகவும் கூடும். ஒரு தொகுதி ஸ்பிறிங் விலைகூடிய சாமானில்லை.

பலர் பார்க்காமல் விடுவது கூடையின் சுவரில் விரல்போல நீட்டி நிற்கும் பகுதிகளை. உராய்வுத் தட்டின் விளிம்பில் நீட்டியிருக்கும் காதுகள் அந்த விரல்களின் இடைவெளியில் சறுக்கி நகர்ந்தால்தான் தட்டுகள் பிரியமுடியும். வருடக்கணக்கில் அடிபட்டு விரல்களில் பள்ளம் விழுந்திருந்தால் காதுகள் அதில் மாட்டிக்கொள்ளும். புதுத் தட்டு போட்டும் ஒட்டல் தீரவில்லை என்று திரும்பி வரும் சைக்கிள்களில் இங்கே பார்க்கவேண்டும். சிறு பள்ளத்தை மெல்லிய அரத்தால் சமப்படுத்தலாம். ஆழமென்றால் கூடையையே மாற்றவேண்டியதுதான்.

புதுத் தட்டுகளை மாட்டுமுன் இஞ்சின் ஒயிலில் நன்றாக ஊறவிடவேண்டும். காய்ந்த தட்டு முதல் சில நிமிடத்திலேயே கருகக்கூடும். போல்ட்டுகளை ஒரே பக்கமாக இறுக்காமல் குறுக்குக் குறுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். தட்டுகள் பழகும்வரை வெற்றசைவு மாறும் என்பதால் முதல் சில நூறு கிலோமீற்றருக்குப் பிறகு ஒருதரம் அளந்து பார்க்கவேண்டும்.

லீவரே இல்லாத கிளச்

இதுவரை சொன்னதெல்லாம் லீவர் உள்ள சைக்கிளுக்கு. வன்னியில் பலரின் நெஞ்சுக்கு நெருக்கமான எம்டி 90 க்கு இடக்கையில் கிளச் லீவரே கிடையாது. ஜப்பானிய அஞ்சல் சேவைக்கென்று ஹொண்டா செய்த மோட்டார் சைக்கிள் அது. பழசாக இங்கே வந்து, மணலிலும் சேற்றிலும் ஓடிப் பெயரெடுத்தது. அதன் மூதாதை 1958 இல் வெளிவந்த சுப்பர் கப். 2017 இல் உலகெங்குமான உற்பத்தி பத்துக் கோடியைத் தொட்ட மோட்டார் சைக்கிள். கடையிலிருந்து உணவு கொண்டுபோகிறவர் ஒரு கையால் ஓட்டக்கூடியதாக இருக்கவேண்டும் என்பது அதன் வடிவமைப்பின் நோக்கங்களில் ஒன்று.

இந்தக் கிளச்சில் சுழற்சி வேகமே தட்டுகளை நெருக்குகிறது. இஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது தட்டுகள் பிரிந்திருக்கும். வேகம் ஏற, உள்ளே இருக்கும் எடைகள் வெளிநோக்கி வீசப்பட்டு அழுத்தும். கியர் மாற்றும்போது மட்டும், பெடலை மிதிக்கும் அதே அசைவு உள்ளே ஒரு தண்டைத் தள்ளிக் கிளச்சை விலக்குகிறது.

ஆகவே நியூட்ரலிலிருந்து முதலாம் கியருக்குப் போகும்போது சைக்கிள் துள்ளினால், கிளச்சைத் தொடுமுன் ஐட்லிங் வேகத்தைப் பாருங்கள். நிற்கும்போதே இஞ்சின் வேகமாகச் சுற்றினால் எடைகள் விரிந்தே இருக்கும், தட்டுகள் ஒருபோதும் முழுக்கப் பிரியாது. அதைக் குறைத்த பிறகும் துள்ளினாலோ, அல்லது அக்சிலேற்றர் கொடுக்கும்போது வழுக்கினாலோதான் வலப்பக்க மூடியில் இருக்கும் திருத்தத் திருகுக்கு வரவேண்டும்.

இஞ்சினை நிறுத்தி, லொக் நட்டைத் தளர்த்துங்கள். நடுவில் இருக்கும் திருகை மணிக்கூட்டின் முள் திசையில் ஒரு சுற்றுத் திருப்புங்கள், அதற்குமேல் வேண்டாம். பிறகு எதிர்த்திசையில் மெல்லத் திருப்பிக்கொண்டு வாருங்கள். ஓரிடத்தில் இலேசான எதிர்ப்புத் தெரியும். அங்கே நிறுத்தி, முள் திசையில் ஒரு சுற்றின் எட்டில் ஒரு பங்கு திருப்புங்கள். அந்த எட்டில் ஒரு பங்குதான் எம்டி 90 இன் வெற்றசைவு. ஸ்குறூட்றைவரால் திருகை அசையாமல் பிடித்துக்கொண்டு லொக் நட்டை இறுக்குங்கள். நட்டோடு திருகும் சேர்ந்து சுற்றிவிட்டால் முதலிலிருந்து செய்யவேண்டும்.